விதைப் பூண்டும் வீட்டுத் தோட்டமும்

வெள்ளைப்பூண்டு சேராத சமையல் கிராமத்து வீடுகளில் அரிது. ரசத்திற்கும் துவையலுக்கும் அது வேண்டும். பிள்ளை பெற்றவளின் பத்தியத்திற்கும் அது வேண்டும். இவ்வளவு அவசியமான பொருளாயிருந்தும், கீரையும் கத்தரியும் அவரையும் விளைகின்ற கொல்லையில் ஒரு பூண்டுப் பாத்தியைக் காண்பது எளிதன்று. அது கடையில் வாங்கவேண்டிய சரக்கு என்றே பெரும்பாலோர் எண்ணியிருக்கின்றனர். தமிழ்நாட்டுச் சந்தைகளுக்கு வருகின்ற பூண்டில் மிகுதியும் மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான் முதலிய வடபுலங்களில் விளைந்து வருவதாகும். அங்கே விளைச்சல் குன்றினால் இங்கே விலை ஏறும். 2024-ம் ஆண்டின் தொடக்கத்தில் கிலோ ஒன்றின் விலை 400 ரூபாயைத் தாண்டியது. அதனை வாங்க இயலாதவர் பல வீடுகளில் இருந்தனர்.

பூண்டு நட்டுப் பார்த்தவர்களும் இல்லாமல் இல்லை. சமையலுக்கு உதவாத சுருங்கிய பற்களைத் தேர்ந்து, நினைத்த மாதத்தில் மண்ணில் ஊன்றுவர். பசுந்தாள் செழித்து வளரும். நான்கு மாதம் கழித்துப் பிடுங்கினால் அடியில் வெங்காயத் தாளைப் போன்ற ஒரு தடிப்பு மாத்திரம் இருக்கும். "இந்த மண்ணுக்குப் பூண்டு வராது" என்று முடிவு கட்டிவிடுவர். பெரும்பாலும் குற்றம் மண்ணினுடையதன்று. நட்ட காலத்தினுடையதும் நட்ட விதையினுடையதுமாகும். இவ்விரண்டையும் அறிந்தவனுக்கு மற்ற வேலைகள் எளிது.

பூண்டின் இரு வகை

உலகில் பயிராகும் பூண்டை இரு பெரும் பிரிவாகப் பிரிப்பர். ஒன்று வன்கழுத்துப் பூண்டு. அதன் நடுவிலிருந்து கெட்டியான பூந்தண்டு ஒன்று கிளம்பும். பற்கள் அத்தண்டைச் சுற்றி ஒரே வரிசையில், எண்ணிக்கையிற் குறைவாகவும் பருமனாகவும் அமையும். மற்றொன்று மென்கழுத்துப் பூண்டு. அதில் சாதாரணமாகப் பூந்தண்டு தோன்றுவதில்லை. முற்றியதும் கழுத்து தளர்ந்து தாள் சாய்ந்துவிடும். பற்கள் அடுக்கடுக்காக இருக்கும். வெளியடுக்கில் பருத்த பற்களும் உள்ளே மெலிந்த பற்களும் காணப்படும். ஒரு குமிழை உடைத்துப் பார்த்து, நடுவே குச்சி இல்லையானால் அது மென்கழுத்து வகை என்று கொள்ளலாம். கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது இவ்வகையே.

வீட்டுத் தோட்டத்திற்கு மென்கழுத்துப் பூண்டே உகந்தது. காரணம் இரண்டு. வன்கழுத்து வகையைவிட இது நெடுநாள் கெடாமல் இருக்கும். நன்றாக உலர்த்திய குமிழ் ஆறு முதல் எட்டு மாதம் வரை தாங்கும். தாள் மெத்தென்று இருப்பதால் அதனைச் சடையாகப் பின்னிக் கட்டித் தொங்கவிடலாம். இதற்கெனத் தனி அறையோ பெட்டியோ தேவையில்லை.

குளிரும் பகற்பொழுதும்

பூண்டின் தாயகம் மத்திய ஆசியா. குளிர்காலத்தைக் கடந்து, பகற்பொழுது நீளும்போது குமிழ் கட்டுவது அதன் இயல்பு. ஐரோப்பாவில் பயிராகும் பல ரகங்கள் பகல் 14 மணிக்கு மேல் நீண்டால்தான் குமிழ் வைக்கும். தமிழ்நாட்டிலோ ஆண்டின் மிக நீண்ட பகலும் 13 மணியை எட்டுவதில்லை. ஆதலால் அத்தகைய ரகங்கள் இங்கே எவ்வளவு எருவிட்டாலும் தாளோடு நின்றுவிடும். குறுகிய பகலிலும் குமிழ் கட்டக்கூடிய ரகங்களே இந்நாட்டிற்கு ஏற்றவை. அவற்றிற்கும் இளம் பருவத்தில் குளிர்ச்சி வேண்டும்.

இதனாலேயே தமிழ்நாட்டில் பூண்டுச் சாகுபடி மலைகளைப் பற்றி நிற்கின்றது. திண்டுக்கல் ஜில்லாவில் கொடைக்கானல் மேல்மலையிலுள்ள பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி முதலிய ஊர்களும், நீலகிரி ஜில்லாவில் உதகமண்டலம், கோத்தகிரிப் பகுதிகளும் இதற்குப் பெயர் பெற்றவை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மலைப்பகுதிக்கென 'ஊட்டி 1' என்ற ரகத்தைத் தேர்ந்து வெளியிட்டுள்ளது. அது 120 முதல் 130 நாளில் முற்றும்.

மலைகளில் ஆண்டிற்கு இரு போகம் உண்டு. மே முதல் ஜூலை வரையிலான காலத்தில் ஒரு நடவும், அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஒரு நடவும் நடக்கும். சமவெளியில் இருப்பவர் அக்டோபர் இறுதிக்கும் நவம்பர் இறுதிக்கும் இடைப்பட்ட நாட்களைத் தவிர வேறு காலத்தை எண்ணவே வேண்டாம். அங்கும் குளிர் போதாமையால் குமிழ் சிறுத்தே இருக்கும். சில செடிகள் பல் பிரியாமல் ஒற்றைப் பூண்டாக நின்றுவிடுவதும் உண்டு. நடுமுன் விதைப் பூண்டைக் குளிர்ப்பெட்டியில் 5 முதல் 10 டிகிரி வரையுள்ள குளிரில் நான்கு முதல் ஆறு வாரம் வைத்திருந்தால் குமிழ் கட்டுவது ஓரளவு துரிதப்படும். ஆனால் உண்ணுதற்குரிய பூண்டை அவ்வாறு வைக்கலாகாது. அதே குளிர் அதனை முளைக்கத் தூண்டிவிடும்.

சமவெளிக் குடும்பங்களுக்கு உறுதியான பலன் தருவது பூண்டுத் தாள். பற்களை மூன்று அங்குல இடைவெளியில் நெருக்கி ஊன்றினால் ஐந்து, ஆறு வாரங்களில் தாளை அறுத்துச் சட்டினிக்கும் பொரியலுக்கும் சேர்க்கலாம். இதற்கு உடைந்த பானையில் நிரப்பிய மண்ணும் போதும்.

பல்லே விதை

பூண்டு சாகுபடியின் உயிர்நிலை இப்பகுதியில் உள்ளது. நெல்லுக்கும் கத்தரிக்கும் பூவிலிருந்து விதை உண்டாகின்றது, பூண்டுக்கு அப்படியில்லை. பல்தான் விதை. ஆகவே நடப்படும் ஒவ்வொரு பல்லும் தன் தாய்க் குமிழின் மறுபதிப்பாகும். தாயின் நலமும் நோயும் ஒருங்கே பிள்ளைக்கு வரும். செடியைப் பற்றிய நச்சுயிரி நோய்க்கு மருந்து இல்லை. அது பல்லோடு ஆண்டுக்காண்டு தொடரும். தண்டு நூற்புழுவும் வேரழுகல் பூசணமும் விதைப் பல்லிலேயே ஒளிந்து புதிய நிலத்தை அடையும். ஒரு முறை மண்ணில் குடியேறிய பின் அவற்றை வெளியேற்றுவது எளிதன்று.

பல்லின் பருமனும் முக்கியமானது. முளைத்து வேர்விடும் வரையில் செடிக்கு உணவு பல்லில் சேமித்திருப்பதே. பெரிய பல் வலிய நாற்றையும், வலிய நாற்று பெரிய குமிழையும் தரும். மெலிந்த பல்லிலிருந்து மெலிந்த குமிழும், அதிலிருந்து இன்னும் மெலிந்த பல்லும் வரும். இவ்வாறு நான்கு போகம் சென்றால் நல்ல ரகமும் நாணற்கிழங்கு போல் ஆகிவிடும். ஜனங்கள் இதனை "விதை தேய்ந்துவிட்டது" என்பர். உண்மையில் ரகம் மாறவில்லை. பெரியது விற்பனைக்கும் நடுத்தரமானது அடுப்புக்கும் சிறியது மண்ணுக்கும் போனதன் பலனே அது. இம்முறையைத் தலைகீழாக மாற்றுவதே பூண்டு பயிரிடுவோன் கற்கவேண்டிய முதற்பாடம்.

விதைக்கெனக் கெட்டியான, புள்ளியும் பூசணமும் இல்லாத, தோல் உரியாத குமிழைத் தேர்க. அறுவடையான உடனே நடலாகாது. பல்லுக்கு இரண்டு மாதமேனும் ஓய்வு வேண்டும். நடுகின்ற நாளில் அல்லது அதற்கு முந்திய நாளில் மாத்திரமே பற்களைப் பிரிக்க வேண்டும். வெளியடுக்குப் பற்களை விதைக்கும், உள்ளடுக்குப் பற்களைச் சமையலுக்கும் ஒதுக்குக. பல்லின் மேல்தோலை உரிக்கலாகாது. அடித்தட்டு உடைந்த பல்லில் வேர் வராது.

நிலமும் எருவும்

நீர் தங்காத, பொலபொலப்பான வண்டல் கலந்த மண் பூண்டுக்கு ஏற்றது. களிமண்ணில் குமிழ் உருமாறும், தோண்டும்போது காயப்படும். கொல்லையில் நாள் முழுவதும் வெயில் படும் மேட்டிடத்தைத் தெரிந்து, நான்கு அடி அகலமும் இருபத்தைந்து அடி நீளமுமாக ஒரு மேட்டுப்பாத்தி அமைத்தால் 100 சதுர அடி ஆகும். ஒரு குடும்பத்திற்கு இதுவே தொடக்கத்திற்குப் போதும். பாத்தியை அரை அடி உயர்த்தி, இருபுறமும் வாய்க்கால் விடவேண்டும்.

இப்பாத்திக்கு நன்றாக மக்கிய தொழு எரு 25 முதல் 40 கிலோ வரை இட்டுக் கொத்திக் கலக்க வேண்டும். வேப்பம் பிண்ணாக்கு ஒரு கிலோவும் சேர்ப்பது நன்று. பச்சைச் சாணம் கூடாது. அது வேரைச் சுட்டு அழுகலுக்கு வழி செய்யும். வெங்காயமோ பூண்டோ முன் போகத்தில் இருந்த இடத்தில் மறுபடி பூண்டு நடலாகாது. மூன்று ஆண்டேனும் இடைவெளிவிட்டு, இடையே அவரை, பீன்ஸ், கோஸ், உருளைக்கிழங்கு முதலியவற்றை மாற்றிப் பயிரிட வேண்டும்.

நடவும் பராமரிப்பும்

வரிசைக்கு வரிசை ஆறு அங்குலமும், பல்லுக்குப் பல் நான்கு அங்குலமும் விட்டு, கூர் முனை மேல்நோக்க, ஒன்று அல்லது ஒன்றரை அங்குல ஆழத்தில் ஊன்றுக. தலைகீழாக ஊன்றிய பல் முளைக்குமாயினும் கழுத்து வளைந்து குமிழ் கோணும். 100 சதுர அடிக்கு 600 பற்கள் கொள்ளும். நட்டதும் ஒரு தண்ணீரும், மூன்றாம் நாள் ஒரு தண்ணீரும், பின்பு மண்ணின் ஈரம் பார்த்து வாரம் ஒரு தண்ணீரும் விடலாம். முளை தோன்றியபின் வைக்கோல் அல்லது காய்ந்த சருகை மெல்லிய மூடாக்காகப் பரப்பினால் ஈரம் காக்கும், களையும் குறையும்.

பூண்டின் தாள் மெல்லியது. அது நிலத்தை மூடி நிழல் தராது. ஆதலால் களைக்கு அது எளிதில் இரையாகும். முப்பதாம் நாளிலும் அறுபதாம் நாளிலும் களை எடுப்பது அவசியம். வேர் ஆழமில்லாதது, களைக்கொத்தியை மேலாகவே செலுத்த வேண்டும். மேலுரம் இடுவதானால் நாற்பத்தைந்தாம் நாளுக்குள் இட்டு முடித்துவிடுக. பிந்தித் தழைச்சத்து இட்டால் தாள் கொழுக்கும், குமிழ் முற்றுவது தள்ளிப்போகும், பற்கள் உள்ளேயே மறுமுளை விடும், சேமிப்பிலும் நில்லாது.

இலையில் வெள்ளிக் கீற்றுப் போன்ற கோடுகள் தோன்றினால் அது இலைப்பேனின் வேலை. வறண்ட நாட்களில் இது பெருகும். வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து மாலை வேளையில் தெளித்தால் கட்டுப்படும். ஊதா நிறப் புள்ளிகள் விழுந்து தாள் ஒடிந்தால் பூசண நோயாகும். அத்தாளைக் களைந்து எரித்துவிட்டு, மாலையில் நீர் தெளிப்பதை நிறுத்த வேண்டும். வளர்ச்சி குன்றித் தாள் முறுக்கிக்கொண்டு, அடி வீங்கி அழுகும் செடியை மண்ணோடு பெயர்த்து அகற்றுக. அச்செடிக்கு அண்மையில் உள்ளவற்றையும் விதைக்கு எடுக்கலாகாது.

அறுவடையும் உலர்த்தலும்

அடித்தாள்கள் பாதியளவு பழுத்து, மேலே நாலைந்து தாள் பச்சையாக இருக்கும்போது, கழுத்து தளர்ந்து செடிகள் சாயத் தொடங்கும். மென்கழுத்துப் பூண்டு தன் முதிர்ச்சியைத் தானே அறிவிக்கும் விதம் இது. அறுவடைக்கு இரண்டு அல்லது மூன்று வாரம் முன்பே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். முன்னதாகப் பிடுங்கினால் தோல் மெலிந்திருக்கும். மிகப் பிந்தினால் தோல் கிழிந்து பற்கள் விலகும்.

தாளைப் பற்றி இழுக்காமல், மண்கொத்தியால் பக்கத்திலிருந்து மண்ணைத் தளர்த்தி எடுக்க வேண்டும். கீழே வீசியெறிந்த குமிழ் வெளியே நன்றாகத் தோன்றினாலும் உள்ளே நசுங்கியிருக்கும். முதலில் அழுகுவது அதுவே. கழுவலாகாது, ஒட்டிய மண்ணைக் கையால் உதிர்த்தால் போதும். பிறகு தாளோடும் வேரோடும், நிழலில், காற்று ஓடும் இடத்தில், மூங்கில் தட்டின்மீது ஒரே அடுக்காகப் பரப்பி இரண்டு மூன்று வாரம் உலரவிடுக. கழுத்தைக் கசக்கினால் ஈரம் தட்டாமல் சரசரவென்று ஒலிக்குமானால் உலர்ந்தது என்று அறியலாம்.

பின்பு வேரைக் கத்தரித்து, பத்துப் பதினைந்து குமிழ்களின் தாளைச் சேர்த்துச் சடையாகப் பின்னி, மழைச்சாரல் படாத கூரைச் சட்டத்தில் தொங்கவிடலாம். மலையூர்களில் அடுப்புப் புகை படும் இடத்தில் கட்டித் தொங்கவிடுவதும் உண்டு. புகை ஈரத்தை ஓட்டிப் பூசணத்தைத் தடுக்கும். காற்றுப் புகாத டப்பாவும், நெகிழிப் பையும், ஈரத் தரையும் பூண்டுக்குப் பகையாகும்.

கணக்கு

ஒரு கொல்லையின் கணக்கை இவ்வாறு போட்டுப் பார்க்கலாம். 100 சதுர அடியில் 600 பற்கள் நட்டு, அவற்றில் 500 செடிகள் தேறி, உலர்ந்த குமிழ் ஒன்றுக்குச் சராசரி 15 கிராம் நின்றால், மொத்தம் 7½ கிலோ ஆகும். அடுத்த நடவுக்கு மறுபடியும் 600 பற்கள் வேண்டும். ஒரு நல்ல குமிழில் விதைக்குத் தக்க வெளியடுக்குப் பல் எட்டு என்று கொண்டால் 75 குமிழ் தேவை. சேமிப்பில் கெடுவதற்கு 25 சேர்த்தால் 100. அதாவது விளைந்த குமிழில் ஐந்தில் ஒரு பங்கு, அதுவும் எல்லாவற்றிலும் சிறந்த பங்கு, சமையலறைக்கும் சந்தைக்கும் போகாமல் நிற்க வேண்டும். சிறந்த 100 குமிழ் குமிழுக்கு 20 கிராமாக 2 கிலோ நிறுக்கும். எஞ்சிய 5½ கிலோ, வாரம் 200 கிராம் செலவிடும் குடும்பத்திற்கு ஆறு மாதத்திற்கு மேல் வரும்.

விலை தாழ்ந்த ஆண்டில் இந்த 2 கிலோவை ஒதுக்குவது எளிது. சோதனை வருவது விலை உயர்ந்த ஆண்டில்தான். கிலோ 400 ரூபாய் விற்கும்போது, வாசலில் வந்து நிற்கும் வியாபாரி முதலிற் கேட்பது அந்தப் பெரிய குமிழ்களையே. 800 ரூபாய் கையில் கிடைக்கும். கடன் ஒன்று தீரும். பிள்ளையின் பள்ளிச் செலவு ஒன்று நடக்கும். ஆனால் அடுத்த நடவின்போது அதே குடும்பம், அதே உயர்ந்த விலைக்கு, எங்கே விளைந்தது என்று அறியாத பூண்டை வாங்கி நடும். குளிர்நாட்டு ரகமாயின் குமிழ் வராது. நோயுற்ற விதையாயின் பல ஆண்டுகளுக்கு நிலம் கெடும். விதையை விற்றவன் ஒரு போகத்தை மாத்திரம் விற்கவில்லை. வரும் போகங்களையும் சேர்த்தே விற்றவனாகின்றான்.

சங்கம் செய்யக்கூடியவை

தனிக் குடும்பம் இச்சோதனையில் தோற்பது இயல்பு. அவ்விடத்தில் கைகொடுப்பதற்கே கூட்டுறவு ஏற்பட்டது. நீலகிரி விவசாயிகளின் உருளைக்கிழங்கு நியாயமான விலைக்கு விற்கவேண்டும் என்பதற்காக 1935-ம் ஆண்டில் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் தோன்றியது. மேட்டுப்பாளையத்தில் அதன் ஏலத்திற்குப் பூண்டும் வந்து விற்பனையாகின்றது. விற்பனையில் ஒன்றுகூடியவர்கள் விதையிலும் ஒன்றுகூடலாம்.

கிராமச் சங்கம் ஒன்று, பெரும் முதல் இல்லாமலே, நான்கு காரியங்களைச் செய்யலாம். முதலாவது, விதையை மொத்தமாக வாங்குதல். ஒரு பாத்திக்கு ஒன்றரை கிலோ விதைப் பூண்டு போதுமாதலால், இருபது குடும்பங்களுக்கு 30 கிலோ ஆகும். அவ்வளவையும் மலையில் பயிர் நிற்கும்போதே பார்த்துத் தேர்ந்து ஒரே இடத்தில் வாங்கினால், ரகமும் நலமும் தெரிந்திருக்கும். சமவெளிச் சங்கங்கள் இதனை ஆண்டுதோறும் செய்வது நன்று. அவர்களது விளைச்சல் விதைக்குத் தகுதியாக இருப்பது அரிது.

இரண்டாவது, விதையை விதையாகவே கடன் கொடுத்தல். ஒன்றரை கிலோ பெற்ற அங்கத்தினர், அறுவடையில் இரண்டு கிலோ முதல்தரக் குமிழைச் சங்கத்திற்குத் திருப்பித் தந்தால், சங்கத்தின் விதை முதல் போகத்திற்குப் போகம் பெருகும். விலை உயர்வும் தாழ்வும் அதனைத் தொடா. மூன்றாவது, பொதுக் களஞ்சியத்தில் மூங்கில் தட்டுகள் அமைத்து, விதைப் பூண்டை உலர்த்திக் காத்தல்; மாதம் ஒரு முறை புரட்டிப் பார்த்து, கெட்டதை அகற்றுதல். விதை சங்கத்தின் பரணில் இருக்கும்வரை வாசலில் நிற்கும் வியாபாரிக்கு அது எட்டாது.

நான்காவது, பயிர் நிற்கையில் பாத்திகளைச் சேர்ந்து பார்வையிடுதல். நடவுக்குப் பின் எழுபதாம் நாளில் அங்கத்தினர் நாலைந்து பேர் கொல்லை கொல்லையாகச் சென்று, நோயில்லாத பாத்திகளுக்கு ஒரு கொடியோ குச்சியோ நட்டு அடையாளம் செய்தால், அவற்றிலிருந்து மாத்திரம் விதை எடுக்கலாம். இதற்குச் செலவு ஒரு பிற்பகல் பொழுதுதான். தாள் பச்சையாக இருக்கும்போது கண்ணுக்குத் தெரிகின்ற நோய், குமிழ் உலர்ந்தபின் எவர் கண்ணுக்கும் தெரியாது.

பூண்டு ஏழைக்கும் ஏற்ற பயிர். ஏரும் மாடும் வேண்டாம். ஒரு பாத்தியும், ஒரு மண்கொத்தியும், வீட்டுப் பெண்டிரின் கண்காணிப்பும் போதும். அது கேட்பது ஒன்றே: விளைந்ததில் சிறந்ததை மண்ணுக்கு மிச்சம் வைக்கவேண்டும் என்பது. அதனை ஒவ்வொரு வீடும் தனித்துச் செய்வது கடினம். இருபது வீடுகள் சேர்ந்து ஒரு பரணில் செய்வது எளிது. வரும் நடவுக்கு முன் கூடும் சங்கக் கூட்டத்தில், கடன் கணக்கும் உரக் கணக்கும் பேசி முடித்தபின், விதைப் பூண்டுக்கும் ஒரு பேரேட்டுப் பக்கம் திறக்கப்படுமானால், அடுத்த விலையேற்றம் அக்கிராமத்து அடுப்புகளை எட்டாது.